காப்பிக்கு முன்னால் அரை மணி

என் மனைவி செந்தமிழ்ச்செல்வி விடியுமுன் எழுவாள். பல் விளக்குவாள். அலமாரியில் புடவைகளுக்கு அடியில் இருக்கும் டப்பாவைத் திறந்து, ஒரு சின்ன வெள்ளை மாத்திரையைத் தண்ணீரோடு விழுங்குவாள். வாசல் தெளித்துக் கோலம் போடுவாள். காப்பி போட்டு என் அம்மாவுக்குக் கொடுப்பாள். தான் மட்டும் குடிக்கமாட்டாள். மாத்திரை விழுங்கி அரை மணி நேரம் வயிற்றுக்குள் வேறெதுவும் போகக்கூடாது.

அம்மாவுக்கு அது பிடிக்காது.

“எங்கூட காப்பி குடிச்சா தீட்டா? சின்னசேலத்து ரயில்வே வூட்டுப் பொண்ணாச்சே... எங்க காப்பி தொண்டையில எறங்குமா!”

“அப்பறமா குடிக்கிறேங்க அத்தே.”

“இன்னா அப்பறம்? எந்நேரமும் கழுத்த மூடிப் போத்திக்கினு... மகாராணி!”

செல்வி பிறவியிலேயே தைராய்டு நோய் உள்ளவள். கழுத்தில் இருக்கும் அந்தச் சுரப்பி அவளுக்குச் சரியாக வேலை செய்யாது; சின்னக் கட்டிபோல் வீங்கியிருப்பதை முந்தானையால் மறைத்துக்கொள்வாள். அது தரவேண்டியதை மாத்திரைதான் தந்தது. ஆயுள் முழுக்கப் போட வேண்டும்.

அது ரத்தத்தில் வந்த நோய். செல்வி, சின்னசேலத்தில் ரயில்வே வேலை பார்த்த என் அம்மாவின் தம்பி காசிநாதனின் மகள். எனக்கு மூத்தவள் ஒருத்தி இருந்தாள், கண்ணகி. அவள் வளரவில்லை. பேசவில்லை. கழுத்து வீங்கியிருந்தது. எட்டு வயதிலும் அம்மாவின் இடுப்பில்தான் இருந்தாள். அந்த வயதிலேயே போய்விட்டாள். என்ன நோயென்று யாருக்கும் தெரியாது. அடுத்த வருடம் செல்வி பிறந்தபோது, அக்கா மகளுக்கு இருந்த அதே தடித்த நாக்கைக் கண்டு மாமா பயந்துபோய்ப் பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். மாத்திரையில் செல்வி வளர்ந்தாள். பேசினாள். எஸ்.எஸ்.எல்.சி. படித்தாள்.

மாமா இதை என் அம்மாவிடம் சொல்லவில்லை. கல்யாணமான புதிதில் செல்வியும் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: “அத்தைக்குத் தெரிய வேணாம் மாமா. இத்தினூண்டு மாத்தரையில எம் பொண்ணு பொழச்சிருப்பாளேன்னு தெனம் தெனம் செத்துப் பொழைப்பாங்க...”

மூன்று வருடம் குழந்தை இல்லை. பக்கத்து வீட்டு ஆயம்மாள் ஒருநாள் செல்வி மாத்திரை விழுங்குவதைப் பார்த்துவிட்டு, நர்சம்மா கொடுக்கும் குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை என்று அம்மாவிடம் சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு வீட்டில் பேச்செல்லாம் முள்.

“எம் பையன் வம்சத்தையே மாத்தரைல அறுக்கறியேடி! நீயெல்லாம் எந் தம்பி பொண்ணா?”

“சத்து மாத்தரைங்க அத்தே...” என்பாள். கொல்லையில் போய் அழுதுவிட்டு வருவாள்.

எண்பத்தேழு செப்டம்பரில் இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரச் சாலை மறியல். கச்சிராயபாளையம் ரோட்டில் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். பஸ் இல்லை. கல்வராயன் மலையிலிருந்து சந்தைக்கு இறங்கியவர்கள் திரும்பிப் போக முடியாமல் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படுத்திருந்தார்கள்.

மறியலின் இரண்டாம் நாள் நான் கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சப் போயிருந்தேன். அம்மா டப்பாவைக் கண்டுபிடித்து, மாத்திரைகளைக் கழுநீர்த் தொட்டியில் கொட்டிவிட்டாள்.

செல்வி அப்போது இரண்டு மாதம். எனக்கு மட்டும்தான் தெரியும். மூன்று மாதம் முடியட்டும், பிறகு அத்தையிடம் சொல்லலாம் என்றிருந்தாள். குழந்தைக்கு மூளை வளரும் நேரம், மாத்திரையை விடவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். டப்பா காலியாக இருப்பதைப் பார்த்தவள், மாத்திரை வாங்கச் செருப்பை மாட்டிக்கொண்டு கள்ளக்குறிச்சியைப் பார்த்து நடந்தாள்.

பிறந்த வீட்டுக்குக் கோபித்துக்கொண்டு போகிறாள் என்று அம்மா பின்னால் ஓடினாள். விஷயம் தெரிந்து நான் சைக்கிளில் போனபோது, செல்வி ஊர் எல்லையில் சாய்ந்து கிடந்த புளியமரத்தின் மேல் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முந்தானை நழுவியிருந்தது. மசக்கையில் கழுத்துக் கட்டி பெரிதாகியிருந்தது.

திட்ட வாயெடுத்த அம்மா நின்றுவிட்டாள். கிட்டே போய்க் கழுத்தில் இரண்டு விரலை வைத்தாள்.

“முழுங்குடி.”

செல்வி எச்சில் விழுங்கினாள்.

“எம் பொண்ணுக்கும் இப்பிடித்தான்... பால் முழுங்கசொல்ல ஏறி எறங்கும்...” அம்மா விரலை எடுக்கவில்லை. “அந்த மாத்தர இதுக்கா? அப்ப... அது இருந்திருந்தா எங் கண்ணகி...?”

“அப்ப இங்க யாருக்குமே தெரியாதுங்க அத்தே. நீங்க ஒண்ணும் தப்பு பண்ணல.”

“எனக்குத் தெரியக்கூடாதுன்னா இத்தன பேச்சும் வாங்கிக்கினு இருந்த? அடிப் பாவி... நான் பாவிடி! தூக்கிக் கொட்டிட்டனே!”

செல்வி அம்மாவின் கையை எடுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்தாள். அம்மாவுக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் அவளைச் சேர்த்துக் கட்டிக்கொண்டு, நடுரோட்டில், மகள் செத்த அன்று அழுததுபோல அழுதாள்.

மறியல் பையன்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அம்மா மூக்கைச் சிந்திவிட்டுத் திரும்பினாள்.

“டேய் வெற்றிவேலு! இன்னாடா வேடிக்க? எம் பையன் சைக்கிள தூக்கி அந்தாண்ட வைங்கடா!”

“பெரிம்மா, ஈ காக்கா தாண்டக்கூடாதுன்னு சொல்லிகீறாங்க...”

“காக்காவ நீ புடிச்சி வச்சிக்கோ. எம் மருமவளுக்கு மாத்தர வோணும்!”

தூக்கி வைத்தார்கள். அடுத்தடுத்த மரங்களிலும் யாரோ ஒருவர் தூக்கி வைத்தார். கள்ளக்குறிச்சியில் கதவைப் பாதி இறக்கிவிட்டு வியாபாரம் செய்த ஒரு மருந்துக்கடையில் எனக்கு மாத்திரை கிடைத்தது.

மறுநாள் காலை செல்வி காப்பி கொடுத்தாள். அம்மா டம்ளரைத் தட்டால் மூடிவைத்தாள்.

“ஆறிடுங்க அத்தே.”

“ஆறட்டும். நீ குடிக்கசொல்ல குடிக்கிறேன்.”

அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். அரை மணி நேரம் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து கதை பேசுவார்கள். சித்திரையில் மகள் பிறந்தாள். தமிழ்மொழி. ரத்தம் எடுத்துப் பார்த்தோம். அவளுக்கு அந்த நோய் இல்லை.

தொண்ணூறாம் வருடம் மழைக்காலத்தில் செல்விக்குக் கால் வீங்கியது. படுத்தால் மூச்சு முட்டியது. இந்த நோயோடு பிறக்கும் சிலருக்கு இதயத்திலும் குறை இருக்கும் என்று டாக்டர் சொன்னார். அவளுக்கு இருந்தது. கழுத்தை மட்டுமே எல்லோரும் பார்த்திருந்தோம்.

ஆஸ்பத்திரியில் அவளுடைய கடைசி நாள் காலையிலும் அம்மாதான் மாத்திரை கொடுத்தாள். நான் வாங்கிவந்த காப்பியை மூடிவைத்துவிட்டுக் கட்டிலருகே உட்கார்ந்தாள். செல்வி கண்ணை மூடியிருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்தோம். சற்று நேரம் கழித்துக் கண் திறந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள்.

“அத்தே... அரமணி ஆயிட்ச்சி. நீங்க காப்பி குடிங்க.”