பின்னால் நின்று பார்ப்பவர்

கேவின் டிரெசிடர் குதிரை டிரெய்லர் வாங்கப் போன வீடு தெற்கு ஆஸ்திரேலியாவின் ஒரோரூ ஊருக்கு வடக்கே, செம்மண் சாலை முடிகிற இடத்தில் இருந்தது. பழைய கல் வீடு. தகரக் கூரை பாதி துருவேறி, காற்று அடிக்கும்போதெல்லாம் தடதடத்தது. வெயில் சாயத் தொடங்கியிருந்தது. கேட்டைத் திறந்தவன் திரும்ப மூடாமலே வண்டியை உள்ளே விட்டான். கேட்டை மூடுவதெல்லாம் மற்றவர்கள் வேலை என்று நினைக்கிற ரகம் அவன்.

அவனைப் பற்றி இப்போதே சொல்லிவிடுவது நல்லது. தெரியாதது எதுவுமில்லை என்ற நினைப்பு மலையளவு. தெரிந்தது ஒரு கைப்பிடி. ஊரில் யாராவது டிரெய்லரை மாட்டிவிட்டு ஒரு சுற்று சுற்றி வந்து பார்த்தால் போதும், கேவினுக்கு இளப்பமாக இருக்கும். கொக்கிக்குக் கீழே சங்கிலிகளைக் குறுக்காகப் போட்டு மாட்டுகிறவர்களைப் பொழுதுபோகாத கிழங்கள் என்பான். டயருக்குக் கட்டை வைக்கிறவர்களைப் பயந்தாங்கொள்ளி என்பான். இத்தனைக்கும் அவன் வண்டியில் ஒழுங்காக எரிகிற விளக்கு ரேடியோவில் இருப்பது மட்டும்தான்.

வீட்டுக்காரி வெர்னா பாஸ்கோ ஷெட்டைத் திறந்து காட்டினாள். எழுபதைத் தாண்டியவள், கணவனை இழந்தவள். டிரெய்லரைப் பார்த்ததும் கேவினுக்கே வாயடைத்துப்போனது. பழையதுதான், ஆனால் ஒரு கீறல் இல்லை. சக்கரத்துக்குக் கிரீஸ், கதவுக்கு எண்ணெய், பின்பக்கம் இரண்டு சிவப்பு விளக்குகள் துடைத்து வைத்தபடி. அவள் கேட்ட விலையோ அடிமாட்டு விலை. ஏமாளிக் கிழவி என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டான்.

அவள் கணவர் எல்வினைப் பற்றிச் சொன்னாள். டிரெய்லரை எடுக்கும்போதெல்லாம் இவளை ஸ்டியரிங்கில் உட்கார வைத்துவிட்டு அவர் பின்னால் போய் நிற்பாராம். இவள் இடது சிக்னல் போட வேண்டும், வலது போட வேண்டும், பிரேக்கை மிதிக்க வேண்டும். அவர் ஒவ்வொன்றுக்கும் எரியுது, எரியல என்று கத்துவார். எரியாவிட்டால் அன்றைக்கு வண்டி நகராது. வாழ்நாள் முழுக்க யாரையும் மதிக்காத மனுஷன், எல்லார் வேலையிலும் குற்றம் கண்டுபிடிப்பவர். ஒரு கோடை மதியம் இவள் பிரேக்கை மிதித்தபோது 'எரியல' என்றார். குதிரை ஏறுகிற பின்பக்கச் சாய்வுப்பலகை மேல் உட்கார்ந்தார். அதற்கப்புறம் எழுந்திருக்கவில்லை.

"பின்னாடி நின்னு பாக்க ஒரு ஆளை வெச்சுக்கோப்பா," என்றாள் வெர்னா. "ஆள் இல்லேன்னா அவரே பாத்துச் சொல்லுவாரு. அதைக் கேக்கத்தான் என்னால முடியல."

கேவின் தலையாட்டினான். கழன்ற கேஸ் என்று முடிவு கட்டிவிட்டான்.

மாட்டும்போது டிரெய்லர் விளக்குகளுக்கு மின்சாரம் தருகிற ப்ளக்கில் எர்த் கம்பி அறுந்திருப்பது தெரிந்தது. அதைச் சீர்செய்ய வேண்டுமானால் சட்டத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, பளபளவென்று இரும்பு தெரிந்தபின் திருகவேண்டும். கேவின் சுரண்டவில்லை, பெயின்ட்டின் மேலேயே ஒரு திருகைப் போட்டு முறுக்கினான். ஃபியூஸ் போயிற்று. சூயிங்கம் சுற்றிவந்த வெள்ளித்தாளை ஃபியூஸில் சுற்றிச் செருகினான். கேபிள் நீளமாகத் தரையில் தொங்கியது. தொங்கட்டும் என்று விட்டுவிட்டான். இதற்குப் பெயர் எலெக்ட்ரிக் வேலை.

வண்டியில் ஏறி, பிரேக்கை மிதித்துக்கொண்டு கியரைப் போட்டான்.

"எரியல."

பின்னாலிருந்து வந்தது, வறண்ட கிழட்டுக் குரலில். கிழவி விளையாடுகிறாள் என்று கண்ணாடியில் பார்த்தான். யாரும் இல்லை. முன்னால் பார்த்தான். வெர்னா நேர் எதிரே, சமையலறை வாசலில், கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவள் உதடு அசையவில்லை.

பின்னால் யாரோ நாக்கைச் சப்புக்கொட்டினார்கள்.

ப்ச்.

தகரக் கூரைதான் என்று கேவின் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். வழி நெடுக ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தான்.

டிரெய்லர் அவன் மகள் டாம்சினுடைய குதிரைக்காக. அவளுக்குப் பத்தொன்பது வயது, போர்ட் அகஸ்டா நகரத்தில் நர்ஸ் படிப்பு, ஒரு சின்ன வெள்ளைக் கார், அதில் புது லைசென்ஸ்காரர்கள் ஒட்டும் சிவப்பு அட்டை. அந்த அட்டையை வைத்து கேவின் அவளைக் கிண்டல் செய்யாத நாள் இல்லை. அவனுக்கு இந்த உலகத்தில் இருப்பது அவள் ஒருத்திதான். அதை அவளிடம் சொல்ல வாய் வராது. கிண்டல் மட்டும் தாராளமாக வரும்.

சனிக்கிழமை க்வோர்ன் ஊரில் குதிரைப் போட்டி. போட்டி முடிந்ததும் அவள் அப்படியே போர்ட் அகஸ்டாவுக்குப் போகவேண்டும் என்பதால் தன் காரிலேயே பின்னால் வருவதாக ஏற்பாடு. காலையில் டாஃபியை, அதாவது அவள் குதிரையை, டிரெய்லரில் ஏற்றிக் கட்டிவிட்டுக் கேட்டாள்.

"நான் பின்னாடி நின்னு லைட் பாக்கட்டுமாப்பா?"

"நேத்து ஸ்டியரிங் பிடிச்சவ எனக்கு லைட் பாத்துச் சொல்றியா? போய் உன் பொம்மைக் காரை ஸ்டார்ட் பண்ணு."

அவள் போய்க் காரை ஸ்டார்ட் செய்தாள். பழகிவிட்டது.

பாதித் தூரம் போனபோது வடமேற்கில் வானம் பழுப்பாகியது. சாலையோரம் நிறுத்தினார்கள். செம்மண் சுவர் ஒன்று அடிவானத்திலிருந்து எழுந்து நின்றது. திரும்பிவிடலாம் என்றாள் டாம்சின். புழுதிக்குப் பயந்தவர்கள் இந்தப் பக்கம் பிறந்திருக்கவே கூடாது என்றான் கேவின். அவள் முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் இறங்கிவந்தவன்போல, "என் சிவப்பு லைட்டைப் பாத்துக்கிட்டே பின்னாடி வா. அது நிக்கிற இடத்துல நில்லு. வேற எதையும் நீ யோசிக்க வேண்டாம்," என்றான்.

அவள் சரி என்றாள். அப்பா சொன்னால் அவளுக்கு அது போதும்.

பதினைந்து கிலோமீட்டர் தாண்டியதும் புழுதி வந்து மூடியது.

நண்பகல். ஆனால் வெளிச்சம் போய்விட்டது. முதலில் வேலிக்கம்பங்கள் மறைந்தன, பிறகு சாலைக்கோடு, பிறகு தன் வண்டியின் முன்பக்கமே தெரியவில்லை. கண்ணாடியில் மண் சரசரவென்று உரசியது. பூட்டிய வண்டிக்குள் வறண்ட மண் வாடை புகுந்து தொண்டையை அடைத்தது. பின்னால் குதிரை ஒருமுறை உதைத்தது. அப்புறம் அசைவே இல்லை.

கேவின் வேகத்தைக் குறைத்து பிரேக்கில் காலை வைத்தான்.

"எரியல."

டிரெய்லருக்குப் பின்னாலிருந்து. புயலின் இரைச்சலுக்கு நடுவே, கத்தாமல், பக்கத்தில் பேசுவதுபோலக் கேட்டது.

ரேடியோவை அணைக்கப் போனான். அது ஏற்கெனவே அணைந்திருந்தது.

மறுபடி மிதித்தான்.

"எரியல."

இப்போது டிரெய்லருக்கு உள்ளேயிருந்து, குதிரையின் முகம் இருக்கவேண்டிய சின்ன ஜன்னலருகே. வண்டிக்குள் வயர் பொசுங்கும் வாடை அடித்தது. மனப்பிரமை, வெறும் புழுதி என்று முணுமுணுத்தான். கால் தானாகவே பிரேக்குக்குப் போயிற்று.

"எரியல."

அவன் சீட்டுக்குப் பின்னால். காதில் மூச்சுப் பட்டது.

ப்ச்.

அந்தச் சப்புக்கொட்டலில் இருந்த இளக்காரம் கேவினுக்கு நன்றாகத் தெரிந்த இளக்காரம். அவனே தினமும் ஊர் முழுக்க வாரி இறைத்ததுதான்.

அப்போதுதான் அவன் மண்டையில் உறைத்தது. எரியல என்றால் எரியவில்லை. பின்னால் டாம்சின் இல்லாத ஒரு சிவப்பு விளக்கைத் தேடிக்கொண்டு வருகிறாள். அது நிற்கிற இடத்தில் நில் என்று அவனே சொல்லியிருக்கிறான்.

வண்டியை ஓரத்தில் ஏற்றி நிறுத்திவிட்டு இறங்கினான். காற்று அவனைக் கதவோடு சேர்த்து அறைந்தது. டிரெய்லரின் பக்கவாட்டைத் தடவித் தடவிப் பின்னால் ஓடினான். மகளின் பெயரைச் சொல்லிக் கத்தினான்; வாய்க்குள் மண்தான் போயிற்று.

பின்பக்கம் போய்ச் சேர்ந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

இரண்டு விளக்குகளும் எரிந்துகொண்டிருந்தன. அந்தப் புழுதியிலும் கெட்டியான சிவப்பு.

கேவினுக்கு முதலில் வந்தது என்ன தெரியுமா? எகத்தாளம். பார்த்தாயா, நான் போட்ட வயர், எரியாமல் இருக்குமா என்று ஒரு நினைப்பு. சிரிக்கக்கூடச் சிரித்தான். சிரித்தபடியே முன்னால் திரும்பி வந்தபோது காலில் ஏதோ இடறியது. குனிந்து எடுத்தான். தொங்கவிட்டிருந்த கேபிள். ப்ளக் வண்டியிலிருந்து எப்போதோ கழன்று, தார்ச்சாலையில் உரசி உரசித் தேய்ந்து, நுனியில் நாலு செப்புக்கம்பிகள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. அது எதோடும் இணைந்திருக்கவில்லை.

பின்னால் டயர்கள் கிறீச்சிட்டன.

அவன் ஓடினான். வெள்ளைக் கார் சாய்வுப்பலகைக்கு ஒரு சாண் தள்ளி நின்றிருந்தது. டாம்சின் ஸ்டியரிங்கை விடாமல் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடியைக் கொஞ்சமாக இறக்கினாள்.

"அந்தத் தாத்தாவை ஏம்பா இந்தப் புழுதியில பின்னாடி உக்கார வெச்ச?"

"எந்தத் தாத்தா?"

"பலகை மேல உக்காந்து ரெண்டு லைட்டையும் கையால பிடிச்சுக்கிட்டு வந்தாரே. நான் நிறுத்தினதும் என்னை ஒரு மாதிரி பாத்தாரு. நான் என்னவோ தப்பு பண்ணிட்ட மாதிரி."

கேவின் திரும்பிப் பார்த்தான். பலகை மேல் யாரும் இல்லை. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இடது விளக்கு அணைந்தது. பிறகு வலது.

இந்த மனுஷனுக்கு அதற்கப்புறமாவது புத்தி வந்திருக்கும் என்று நினைப்பீர்கள். வந்தது, பாதி. டிரெய்லரை ஒரு எலெக்ட்ரீஷியனிடம் கொடுத்துச் சீர்செய்தான். கேபிளைத் தூக்கிக் கட்டினான். ஆனால் மதுக்கடையில் கதை சொல்லும்போது, புழுதிச் சூட்டில் பிள்ளைக்குக் கண் மயங்கிவிட்டது என்றான். சங்கிலியைக் குறுக்காக மாட்டுகிறவர்களைப் பார்த்து மறுபடி சிரிக்கவும் ஆரம்பித்தான்.

அடுத்து வீட்டுக்கு வந்தபோது டாம்சின் தன் காரில் இடது பிரேக் லைட் போய்விட்டது என்றாள். ஒரு பல்பை மாற்றுவதற்கு என்ன பெரிய படிப்பு வேண்டும் என்றான் கேவின். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு முன், கையில் பீர் போத்தலோடு, பழையதைக் கழற்றி மேஜைமேல் புதியதன் பக்கத்தில் வைத்தான், பேசிக்கொண்டே ஒன்றை எடுத்து மாட்டினான், மூடியைத் திருகினான். முடிந்தது.

நல்ல வெயில் இருக்கும்போதே அவள் கிளம்பினாள். காரில் ஏறியதும், "பின்னாடி நின்னு பாருப்பா," என்றாள். அந்த நாளுக்கப்புறம் அவள் இதில் விட்டுக்கொடுப்பதில்லை. அவன் முணுமுணுத்துக்கொண்டே பின்னால் போனான்.

அவள் பிரேக்கை மிதித்தாள். இரண்டும் பளிச்சென்று எரிந்தன.

எரியுது என்று சொல்ல வாயைத் திறந்தான்.

"எரியல."

காதோரம். வெயிலில், அவன் வீட்டு வாசலில்.

கேவின் அசையாமல் நின்றான். கண்ணெதிரே சிவப்பாக எரிகிறது. பல்பை அவன்தான் மாட்டினான். சரி போ என்று கையைக் காட்டினால் அவள் போய்விடுவாள். நெடுஞ்சாலையில் பின்னால் வருகிறவன் எல்லாம் இந்த விளக்கைப் பார்த்துத்தான் நிற்கவேண்டும்.

பையிலிருந்து திருப்புளியை எடுத்தான். மூடியைக் கழற்றி, பல்பைத் திருகி வெளியே எடுத்துக் கண்ணெதிரே பிடித்தான். உள்ளே இழை அறுந்து, கண்ணாடி கறுத்திருந்தது. பழைய பல்பு. போனதைக் கழற்றி, போனதையே திரும்ப மாட்டியிருக்கிறான்.

பல்பு அவன் உள்ளங்கையில் சில்லென்று கிடந்தது.

வெறும் குழிக்குள் அந்தச் சிவப்பு இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

"அப்பா, எரியுதா?" என்று டாம்சின் முன்னாலிருந்து கேட்டாள்.

தான் செய்த வேலை சரியில்லை என்று அவன் இந்த ஜென்மத்தில் யாரிடமும் சொன்னதில்லை.

"எரியல," என்றான். "இறங்கும்மா. நான்தான் தப்பா மாட்டிட்டேன்."

குழிக்குள் இருந்த சிவப்பு அணைந்தது.

பிடரிக்குப் பின்னால் அந்தச் சப்புக்கொட்டலுக்காகத் தோளைக் குறுக்கிக்கொண்டு காத்திருந்தான். அது வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, வறண்ட கிழட்டுத் தொண்டையிலிருந்து, வேண்டாவெறுப்பாக ஒரு சத்தம் வந்தது.

"ம்."