கண் சிமிட்டாத நாவல்

செவ்வாய்க் குடியேற்றத்தில் இரங்கல் கடிதம் எழுத இரண்டு சிமிட்டல் போதும். விழித்திரைக்குப் பின்னால் பொருத்தப்பட்ட ‘முன்மொழி’ அடுத்த வாக்கியத்தைக் கண்ணெதிரே நீட்டும். பிடித்திருந்தால் சிமிட்ட வேண்டும். பிடிக்கவில்லை என்று சொன்னவர் இதுவரை யாருமில்லை. காதல் கடிதம், விவாகரத்து மனு எல்லாமே இப்படித்தான். ஆனால் நாவல் மட்டும் மனிதர் எழுதியதாக இருக்க வேண்டுமாம். அதற்கென்று ஒரு வாரியம், ஒரு தேர்வு, ஒரு சான்று. வீம்புக்குக் குறைச்சலில்லை.

பொற்கொடிக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. செயல்படாத விழி நரம்பில் முன்மொழியை எப்படிப் பொருத்துவது? அவள் தட்டெழுதினாள். பேசும் எழுத்துச்செயலி ஒவ்வொரு எழுத்தையும் உச்சரித்து, வரி முடிந்ததும் முழுதாகப் படித்துக் காட்டியது. அப்படி ஏழு வருடம் உழைத்து ஒரு நாவலை முடித்திருந்தாள். சான்று இல்லாவிட்டால் எந்தப் பதிப்பகமும் அதைத் தொடாது. ஆனாலும் அவளுக்குத் துளிகூடப் பயமில்லை. எழுதத் தெரிந்தவளை எழுதச் சொல்லிச் சோதிப்பதில் பயப்பட என்ன இருக்கிறது?

தேர்வாளர் அதியமான் எதிரே அமர்ந்து அவள் எழுதுவதைக் கவனித்தார். சற்று நேரத்திலேயே கையை உயர்த்தினார்.

“போதும்மா. மெஷின் சொல்லுது, நீங்க அடிக்கிறீங்க. இதுக்கு எப்படிச் சான்று குடுக்கறது?”

“நான் அடிச்சதைத்தான் சார் அது சொல்லுது.”

“எழுதினதை எதுக்குத் திரும்பக் கேக்கணும்?”

“சரியா இருக்கான்னு பாக்கத்தான்.”

அதியமான் திகைத்துப் போனார். எழுதியதைத் திரும்பப் பார்க்கும் ஒரு ஜீவனை அவர் தம் பணிக்காலத்தில் சந்தித்ததே இல்லை. நம்ப முடியவில்லை.

“சரி, நிராகரிச்சுடுங்க” என்றாள் பொற்கொடி, இயந்திரத்தை அவர் பக்கம் தள்ளி. “ஆனா காரணத்தை நீங்களே எழுதிக் குடுங்க. முன்மொழியை அணைச்சுட்டு. விதியில இருக்கு.”

விதியில் இருக்கத்தான் செய்தது. யாரும் இதுவரை கேட்டதில்லை, அவ்வளவுதான். அதியமான் முன்மொழியை அணைத்தார். ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தட்டினார். எழுத்துச்செயலி உரக்கப் படித்தது: “விண்ணப்பதாரர் தாம் எழுதியதைத் தாமே கேட்டதால், அவர் எழுதவில்லை.”

காதில் விழுந்ததும் அவருக்கே வெட்கமாகிவிட்டது. அழித்தார். இன்னொன்று எழுதினார், கேட்டார், அதையும் அழித்தார். கடைசியில் இயந்திரம் சொன்னது: “விண்ணப்பதாரர் எழுதுகிறார். சான்று வழங்கலாம்.” அதை இன்னொரு முறை கேட்டுவிட்டு முத்திரை வைத்தார். அப்பாடா என்று முன்மொழியை மறுபடி இயக்கிக்கொண்டார்.

“ரொம்ப சந்தோஷம் சார்! நாவலைப் பத்தி ரெண்டு வார்த்தை எழுதிக் குடுங்களேன், அட்டையில போட்டுக்கறேன்.”

அதியமான் சிமிட்டினார். அவர் அனுப்பியதை எழுத்துச்செயலி கணீரென்று படித்தது: “ஒரே மூச்சில் படித்து முடித்தேன். இறுதிப் பக்கத்தில் கண் கலங்கிவிட்டது.”

பொற்கொடி பைக்குள் துழாவி, விரல்நகம் அளவு சில்லு ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

“நாவல் இதுலதான் சார் இருக்கு. சான்று கிடைச்சப்புறம் ஒப்படைச்சாப் போதும்னாங்க. இன்னும் யார் கையிலயும் குடுக்கலை.”

பிறகு எழுத்துச்செயலி பேசியது: “தவற்றுக்கு மனமார வருந்துகிறேன்.”

அதியமான் இன்னொரு முறை சிமிட்டியிருந்தார்.