விளக்குக் கம்பத்தைத் தாண்டி

அந்தச் சத்தம் சின்னதுதான். காய்ந்த குச்சியை முறித்தால் வருமே, அது மாதிரி. ஆனால் ஹேட்டியின் காதுக்குள் அது இன்னும் குடியிருந்தது. யாராவது கதவைச் சாத்தினால் கேட்கும். அம்மா கேரட்டை இரண்டாக உடைத்தால் கேட்கும்.

போன கோடையில் நடந்தது அது. முதியோர் ஓட்டப் போட்டியில் ஆர்வோ தாத்தா நூறு மீட்டர் ஓடிக்கொண்டிருந்தார். பாதி வழிக்குச் சற்று அப்பால், ஓர் உயரமான விளக்குக் கம்பத்தின் அருகே வேலியைப் பிடித்தபடி ஹேட்டி நின்றிருந்தாள்.

"ஓடுங்க தாத்தா! ஓடுங்க!"

தாத்தா கம்பத்துக்கு நேரே வந்தார். 'டப்' என்று ஒரு சத்தம். தொடையைப் பிடித்துக்கொண்டு குப்புற விழுந்தார். அசையவே இல்லை.

செத்துப் போய்விட்டார் என்றுதான் ஹேட்டி நினைத்தாள்.

சாகவில்லை. பின்தொடையில் தசை கிழிந்திருந்தது. ஏரி உறைந்து, பனி கொட்டி, மறுபடி உருகும் வரை தாத்தா கால் தாங்கித் தாங்கி நடந்தார். வசந்தம் வந்ததும் டாக்டர் காலை மடக்கிப் பார்த்தார், நீட்டிப் பார்த்தார். "நல்லா ஆறிடுச்சு. ஓடலாம்" என்று சொல்லிவிட்டார்.

அம்மா மட்டும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"டாக்டர் ஆயிரம் சொல்லட்டும்ப்பா. இன்னொரு தடவை விழுந்தீங்கன்னா, அந்த ஷூவைக் குப்பையில போட்டுடுவேன். ஆமா!"

"சரிம்மா கிறிஸ்டா, சரி" என்றார் தாத்தா.

மே மாதம் அவருக்கு எழுபத்தைந்து வயது ஆனது. கூட ஓடும் நண்பர்கள் எல்லாரும் வீட்டுக்கு வந்து, ஏதோ பரிசு விழுந்த மாதிரிக் கை தட்டினார்கள். அவர்களுக்குப் பயிற்சி கொடுப்பவர் பெர்னடீன். வயது எண்பத்தொன்று. இன்னமும் ஓடுவார். ஊரே அவரைக் கோச் என்றுதான் கூப்பிடும்.

"வயசாகுதுன்னா யாராவது சந்தோஷப்படுவாங்களா, கோச்?" என்று கேட்டாள் ஹேட்டி.

"எங்களை மாதிரி ஆளுங்க படுவோம்!" என்றார் கோச், வாய் நிறையக் கேக்கோடு. "போன வருஷம் உங்க தாத்தாதான் எழுபதுக்காரங்க கூட்டத்துலயே பெரிய கிழவன். இப்ப எழுபத்தஞ்சுக் கூட்டத்துக்கு வந்துட்டான். இங்க இவன்தான் பொடியன்! அஞ்சு வருஷமா இதுக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தான்."

"பொடியனுக்கு இன்னொரு துண்டு கேக் போடுங்க" என்றார் தாத்தா. எல்லாரும் சிரித்தார்கள்.

ஹேட்டியும் சிரித்தாள். ஆனால் தன் கேக்கைத் தொடவே இல்லை.

பள்ளி விட்டதும் அவள் நேரே மைதானத்துக்குத்தான் போவாள். அம்மா வேலை முடிந்து வரும் வரை அங்கேதான் இருக்க வேண்டும். பெரியவர்கள் முதலில் காலை வீசி, முழங்காலைத் தூக்கி, கொக்கு மாதிரி நடந்து, உடம்பைச் சூடாக்குவதற்கே வெகுநேரம் ஆகும். பிறகு ஒரே ஓர் ஓட்டம். பிறகு நீண்ட ஓய்வு, அரட்டை. மறுபடி ஓர் ஓட்டம்.

தாத்தா ஓடும்போதெல்லாம் ஹேட்டி பார்ப்பாள். அந்த விளக்குக் கம்பம் வரும் வரைக்கும்தான். கம்பம் நெருங்கியதும் கண்ணை இறுக்க மூடிக்கொள்வாள். காலடிச் சத்தம் தாண்டிப் போன பிறகுதான் திறப்பாள்.

போட்டிக்கு இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது. தாத்தா விழுவது போலவே ஹேட்டிக்குக் கனவு வந்தது. இந்தத் தடவை அவர் எழுந்திருக்கவே இல்லை.

விடிந்ததும் அவள் ஒரு காரியம் செய்தாள். அடியில் ஆணி வைத்த தாத்தாவின் ஸ்பைக் ஷூவை எடுத்தாள். சத்தமில்லாமல் கார் ஷெட்டுக்குப் போனாள். உறைந்த ஏரியில் மீன் பிடிக்கக் கொண்டுபோகும் பக்கெட் ஒன்று மூலையில் இருந்தது. வெயில் காலத்தில் அதை யார் தொடப் போகிறார்கள்? ஷூவை அதற்குள் போட்டு மூடினாள்.

பத்து மணிக்குத் தாத்தா தேட ஆரம்பித்தார். கட்டிலுக்கு அடியில் பார்த்தார். துணி துவைக்கும் மெஷினுக்குள் தலையை விட்டுப் பார்த்தார்.

"ஹேட்டி, என் ஷூவைப் பாத்தியாம்மா?"

"இல்லையே தாத்தா" என்றாள் ஹேட்டி. காது மடல் சுட்டது.

தாத்தா கார் ஷெட்டுக்குள் போனார். ஹேட்டி பூனை மாதிரிப் பின்னாலேயே போய், காருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

தாத்தா பனி வாரும் மண்வெட்டியை நகர்த்தினார். பழைய டயரை நகர்த்தினார். பிறகு மீன் பக்கெட்டின் மூடியைத் திறந்தார்.

அவ்வளவுதான், மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தாள் ஹேட்டி.

தாத்தா பக்கெட்டுக்குள் குனிந்து பார்த்தார். அப்படியே நின்றார். பிறகு, தூங்கும் குழந்தைக்குப் போர்வையை இழுத்து விடுவது போல, மூடியை மெதுவாக மூடினார். பெருமூச்சு ஒன்று விட்டார். தோள்கள் இறங்கின.

வெளியே கோச்சின் கார் ஹார்ன் அடித்தது.

"ஆர்வோ! வர்றியா, இல்ல மீசைக்கு எண்ணெய் தடவிக்கிட்டு இருக்கியா?"

தாத்தா வாசலுக்குப் போனார். "ஷூவைக் காணோம் பெர்னடீன். வீடு முழுக்கத் தேடிட்டேன். எங்கேயும் இல்ல. நீ போ."

தாத்தா பொய் சொல்கிறார்! இரண்டு ஆள் உயரப் பனியிலும் தனியாக வண்டி ஓட்டுகிற தாத்தா. கரடி குப்பைத் தொட்டியைக் கிளறினால் துடைப்பத்தோடு வெளியே போகிற தாத்தா.

அவருக்கும் பயமா?

அது அந்தச் சத்தத்தைவிட அதிகப் பயமாக இருந்தது.

மதியம் தாத்தா ஏலக்காய் ரொட்டியை வெட்டி வெண்ணெய் தடவினார். சாப்பிடவில்லை. மறுபடியும் தடவினார். ஒரே துண்டுக்கு மூன்று தடவை வெண்ணெய். பிறகு ஜன்னலுக்கு வெளியே, மைதானம் இருக்கும் திசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவர் மடியில் இருந்த பூனைகூட அலுத்துப்போய் இறங்கிப் போய்விட்டது.

ஹேட்டி நினைத்தது நடந்துவிட்டது. தாத்தா ஓடப் போவதில்லை. விழப் போவதில்லை. இப்போது நிம்மதியாக இருக்க வேண்டுமே? ஆனால் அந்த வெண்ணெய்த் துண்டைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

அவள் எழுந்து கார் ஷெட்டுக்குப் போனாள். பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, 'தொப்' என்று சாப்பாட்டு மேசையின் மேல் வைத்தாள்.

"தாத்தா, எல்லா இடத்துலயும் தேடினீங்களா?"

"தேடினேன்."

"மீன் பக்கெட்ல?"

தாத்தா பக்கெட்டைப் பார்த்தார். ஹேட்டியைப் பார்த்தார். அவர் காது மடல் சிவந்தது.

"நான்தான் ஒளிச்சு வச்சேன்" என்றாள் ஹேட்டி. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "நீங்க பாத்ததையும் பாத்தேன்."

"அடக் கடவுளே" என்றார் தாத்தா. "ஒரு வீட்டுக்குள்ள ரெண்டு திருடங்க!"

ஹேட்டிக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"நீங்க விழுந்துடுவீங்கன்னு பயமா இருக்கு தாத்தா. கம்பம் வந்தா நான் கண்ணை மூடிக்குவேன்."

தாத்தா பக்கெட்டிலிருந்து ஷூவை எடுத்து மேசையின் மேல் வைத்தார்.

"நான் என்ன பண்ணுவேன் தெரியுமா? கம்பம் வந்ததும் வேகத்தைக் குறைச்சுடுவேன். தினமும். கோச் திட்டினா, கால் அசந்து போச்சுன்னு சொல்லிடுவேன். காலுக்கு ஒண்ணுமில்ல. அந்த இடத்தைப் பாத்தாலே அந்தச் சத்தம்..."

"உங்களுக்கும் கேக்குதா?"

"கேக்குதே. நீ கேரட் கடிச்சாக்கூட."

ஹேட்டி யோசித்தாள். போன வருடம் அவளுக்குப் படுக்கை அறை அலமாரியைப் பார்த்தாலே பயம். உள்ளே யாரோ இருப்பது போலத் தோன்றும். ஒருநாள் டார்ச்சை எடுத்துக்கொண்டு உள்ளேயே போய் உட்கார்ந்து பிஸ்கட் சாப்பிட்டாள். அதற்குப் பிறகு அது வெறும் அலமாரி ஆகிவிட்டது.

"தாத்தா, அந்த ரொட்டியை எடுங்க. ஷூவையும் எடுத்துக்கோங்க."

"எங்கே?"

"கம்பத்துக்கு."

மைதானத்தில் யாரும் இல்லை. ஏரிக்காற்று மட்டும் வீசிக்கொண்டிருந்தது. விளக்குக் கம்பத்துக்கு நேராக, தாத்தா விழுந்த அதே இடத்தில், இருவரும் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். முதலில் ஹேட்டி கம்பத்தை நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

ரொட்டியைப் பிய்த்துத் தின்றார்கள். ஒரு துணுக்கு கீழே விழுந்தது. எங்கிருந்தோ ஓர் எறும்பு வந்து, தன்னைவிடப் பெரிய அந்தத் துணுக்கை இழுக்கத் தொடங்கியது.

"பாருங்க, இந்த இடத்துல எறும்பு பயமில்லாமப் போகுது" என்றாள் ஹேட்டி.

"அதுக்கு ஆறு கால் இருக்கு. ஒண்ணு போனாலும் அஞ்சு மிஞ்சும்" என்றார் தாத்தா.

ஹேட்டி விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு கேட்டாள், "அன்னைக்கு ஏன் தாத்தா அப்படி ஆச்சு?"

தாத்தா தாடையைச் சொறிந்தார். "வெளிய சொல்லாதே. ஆளுங்க போதாதுன்னு எல்லா வயசுக்காரங்களையும் ஒண்ணாத்தானே ஓட விடுவாங்க? யாரு எந்த வயசுக் கூட்டம்னு முதுகுல எண் இருக்கும். அன்னைக்குப் பக்கத்துல ஒரு சிவப்புச் சட்டை என்னைத் தாண்டிப் போச்சு. என் போட்டியாளன்னு நினைச்சு, இருக்கிற பலத்தையெல்லாம் போட்டுத் துரத்தினேன். முதுகைப் பாக்கவே இல்ல."

"முதுகுல என்ன எண்?"

"அறுபது."

"தாத்தா! சின்னப் பையனையா துரத்தினீங்க?"

"அதான் வெளிய சொல்லாதேன்னேன்."

அன்று சாயங்காலம் அந்தக் கம்பத்தை அவர்கள் நடந்து தாண்டினார்கள். கைகோத்துக்கொண்டு ஒரு தடவை. பின்னோக்கி நடந்து ஒரு தடவை. பிறகு தாத்தா வழக்கம்போல் உடம்பைச் சூடாக்கிக்கொண்டு, ஷூவை மாட்டி மெதுவாக ஓடித் தாண்டினார். பிறகு கொஞ்சம் வேகமாக. ஹேட்டி ஒரு கண்ணை மட்டும் மூடிக்கொண்டாள்.

சனிக்கிழமை போட்டி. அம்மாவும் வந்திருந்தாள். வேலியோரம், அதே கம்பத்தின் பக்கத்தில் ஹேட்டி போய் நின்றதும், அம்மாவின் முகம் வெளுத்தது.

"இங்கேதான் நிக்கணுமா?"

"இங்கேதாம்மா நிக்கணும். எனக்கு இங்க ஒரு வேலை இருக்கு."

தாத்தாவின் முதுகில் புத்தம் புதிதாக எழுபத்தைந்து. அவர் புறப்படும் கோட்டில் நின்றார். கை காலை உதறினார். ஹேட்டி வேலிக் கம்பியை இறுக்கிப் பிடித்தாள். ஓடிப்போய், "வேண்டாம் தாத்தா" என்று சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

துப்பாக்கி வெடித்தது.

எட்டுப் பேரும் கிளம்பினார்கள். தாத்தா நன்றாகத்தான் வந்தார். அப்போது பக்கத்து வரிசையில் ஒரு பச்சைச் சட்டை விறுவிறுவென்று அவரைத் தாண்டியது. தாத்தாவின் கழுத்து நரம்பு புடைத்தது. பல்லைக் கடித்தார். தோள்கள் காதுவரை ஏறின. போன வருடம் மாதிரியே!

கண்ணை மூடிக்கொள் என்றது ஹேட்டியின் பயம். அவள் மூடவில்லை. பச்சைச் சட்டை அவளைத் தாண்டியதும் முதுகைப் பார்த்தாள்.

"அறுபத்தஞ்சு தாத்தா!" என்று அடித்தொண்டையிலிருந்து கத்தினாள். "அறுபத்தஞ்சு! சின்னப் பையன்! விட்டுடுங்க!"

தாத்தாவின் உதடு ஒரு பக்கம் கோணியது. அது சிரிப்பு! பல்லைக் கடிப்பது நின்றது. தோள்கள் இறங்கின. கைகள் தளர்ந்து, தம் பாட்டுக்கு வீச ஆரம்பித்தன.

கம்பம் வந்தது.

தட், தட், தட், தட். வேறு சத்தமே இல்லை. வேகம் கொஞ்சமும் குறையவில்லை. காற்று மாதிரி ஹேட்டியைக் கடந்து, முடிவுக் கோட்டையும் தாண்டிப் போய், இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார் தாத்தா. இரண்டு காலிலும்.

"எழுபத்தஞ்சுல மூணாவது!" என்று கோச் தூரத்திலிருந்து கூவினார். "மொத்தமே மூணு பேருதான், ஆனாலும் மூணாவது!"

ஹேட்டி துள்ளிக் குதித்துக்கொண்டு திரும்பினாள். "பாத்தீங்களாம்மா?"

அம்மா இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு, கண்களை இறுக்க மூடியபடி நின்றாள்.

"முடிஞ்சுதா?" என்று விரல்களுக்குள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது.

ஹேட்டி அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள். பிறகு பையைத் திறந்து பார்த்தாள். ஏலக்காய் ரொட்டி இன்னும் இரண்டு துண்டு இருந்தது.

"முடிஞ்சிருச்சும்மா" என்றாள். "எல்லாரும் போனதும், நாம ரெண்டு பேரும் அந்த இடத்துல கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போலாம், வாங்க."