ஆளுக்கு ஒரு சின்ன வேலை

வாசல் கதவில் பெயர்ப்பலகை இருந்த இடத்தில் இரண்டு துளைகள்தான் மிச்சம். பலகைக்கு அடியில் இருந்த மரம் வெயில் படாமல் நீள்சதுரமாக, புதுசாகத் தெரிந்தது. யாரும் அதைப் பிடுங்கி எறியவில்லை. திருகாணிகளைப் பொறுமையாகச் சுற்றிக் கழற்றி, துளைகளுக்குள் இருந்த மரத்தூளைக்கூட ஊதித் துடைத்திருந்தார்கள்.

வைதேகி காய்கறிப் பையைக் கீழே வைத்தாள். பல்கலைக்கழகத்தில் வரலாறு சொல்லிக்கொடுப்பவள். யூதர்களைக் கொன்ற முகாம்களைக் காட்டுவதற்காக மாணவர்களைப் போலந்துக்கு அழைத்துப்போய் அந்த வாரம்தான் திரும்பியிருந்தாள். மயிலாப்பூர் மாட வீதிக்குப் பின்னால், இந்த அடுக்குமாடி வீட்டின் கடைசி மாடியில் தனியாக இருக்கிறாள்.

கீழே இறங்கிக் காவலாளி கபாலியிடம் கேட்டாள்.

"நாந்தாம்மா கயட்டினேன்." அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "ஸ்குரூ மட்டும். அதுக்கு மேல எனக்கு இன்னா தெரியும்?"

"யாரு கழட்டச் சொன்னா?"

"சொன்னாங்கோ." கேட் கீலில் எண்ணெய் விட்டுக்கொண்டே வானத்தைக் காட்டினான். "மழ வர்ற மாரி கீது. மேல போங்கம்மா."

லிஃப்டில் அவள் மாடிக்கான பட்டன் எரியவில்லை. படியேறி வந்து குழாயைத் திறந்தாள். காற்று சீறியது, அவ்வளவுதான். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வீட்டுக்கு ஒரு குழாய், குழாய்க்கு ஒரு வால்வு. வால்வு தானாக மூடிக்கொள்ளாது. யாரோ ஏணியில் ஏறி, பக்கத்து வீட்டுக் குழாய்களையெல்லாம் விட்டுவிட்டு, துரு கையில் ஒட்ட, அவளுடையதை மட்டும் தேடித் திருகியிருக்கவேண்டும்.

எதிர்வீட்டிலிருந்து கடுகு தாளிக்கும் வாசனை வந்தது. கதவைத் தட்டியதும் உள்ளே கரண்டிச் சத்தம் நின்றது. வெங்கடரமணன் சங்கிலியை எடுக்காமலே கதவை ஒருக்களித்தார்.

"மாமா, உங்காத்துல ஜலம் வரதா?"

"வரதே." கொஞ்சம் தயங்கினார். "நீ இன்னும் கிளம்பலையாம்மா?"

"எங்க?"

"உன் ஸ்பேர் சாவியைக் கேட்டா. குடுத்துட்டேன். அடுத்தவா சாவியை எத்தனை நாள் வச்சுண்டிருக்கறது? வேற ஒண்ணும் பண்ணலைம்மா நான்."

கதவு மெதுவாக, மிகுந்த மரியாதையோடு சாத்திக்கொண்டது. உள்ளே கரண்டி மறுபடி ஓடத் தொடங்கியது.

இந்த இயந்திரம் எப்படி ஓடும் என்று வைதேகிக்குத் தெரியும். பேருந்தில் முகாமுக்குப் போகும்போது மாணவர்களுக்கு அதைத்தான் விளக்கினாள். கொடூரமானவர்கள் நிறையப் பேர் தேவையில்லை. மற்றவர்கள் ஆளுக்கு ஒரு சின்ன வேலையை ஒழுங்காகச் செய்தால் போதும், ஒருவன் தண்டவாளத்தை மாற்றிவிடுவான், ஒருத்தி தட்டச்சு செய்வாள், பக்கத்து வீட்டுக்காரர் 'இருக்கிறார்கள்' என்று தலையை மட்டும் ஆட்டுவார், யார் கையிலும் ரத்தம் இருக்காது. ஆனால் 'நான் மாட்டேன்' என்று சொன்னவர்களும் இருந்தார்கள். அவர்கள் ஒளித்துவைத்தவர்கள் பிழைத்தார்கள்.

"நான் மாட்டேன்னு சொல்லியிருப்பேன் மேடம்," என்று அப்போது பேருந்திலேயே அழுதாள் மாணவி கயல்.

"நீயா?" என்றான் பக்கத்தில் இருந்த சுஹாஸ். "மெஸ்ல உப்பு கம்மின்னு சொல்லவே உனக்கு தில் இல்ல!"

எல்லாரும் சிரித்தார்கள். வைதேகி சிரிக்கவில்லை. அத்தனை வருட மாணவர்களில் இவள் ஒருத்தி மாட்டேன் என்பாள் என்று அன்று மனதார நம்பினாள்.

இப்போது கயலைத்தான் போனில் கூப்பிட்டாள். "வர்றேன் மேடம். எங்கயும் போகாதீங்க, அங்கயே இருங்க."

மழை பிடித்துக்கொண்டது. விளக்கு அணைந்தது. ஜன்னலுக்கு வெளியே தெரு முழுக்க வெளிச்சம். இந்த வீடு மட்டும் இருட்டு. ஃப்யூஸைப் பிடுங்குவதும் சின்ன வேலைதான். படியில் செருப்புச் சத்தம் கேட்டது. ஏறியது. நின்றது. கதவு திறந்தது.

நனைந்த முடியோடு கயல் நின்றாள். வைதேகி அவளைக் கட்டிக்கொண்டு விம்மினாள்.

"ஒண்ணும் இல்ல மேடம். நான் இருக்கேன்ல? கொட்டிவாக்கத்துல எங்க வீட்டுக்குப் போயிடலாம். ஒரே ஒரு பெட்டி எடுத்துக்கங்க."

கயல் செல்போனில் வெளிச்சம் காட்டினாள். வைதேகி இரண்டு புடவை, மாத்திரைகள், கண்ணாடி எல்லாம் எடுத்துவைத்துப் பெட்டியை மூடினாள்.

"மேல உங்க பேரை எழுதிடுங்க. பெருசா. அப்பத்தான் திரும்ப உங்க கைக்கே வரும்."

கயலின் நீட்டிய கையில் ஒரு சாக்பீஸ்.

முதல் எழுத்தை எழுதிவிட்டாள். பிறகு கை நின்றது. போலந்து முகாமில் பார்த்த கண்ணாடிச் சுவர். அதற்குப் பின்னால் கூரை வரை குவிந்த பெட்டிகள். ஒவ்வொன்றிலும் வெள்ளை எழுத்தில் ஒரு பெயர். 'ஏன் எழுதச் சொன்னார்கள் தெரியுமா?' என்று அங்கே நின்று அவள்தான் விளக்கினாள். பெட்டி திரும்பக் கிடைக்கும் என்று நம்புகிறவர்களை இழுத்துப்போக வேண்டாம், அவர்களே நடந்து வருவார்கள். 'இன்னொரு தடவை சொல்லுங்க மேடம்' என்று கேட்டது இந்தக் குரல்தான்.

கதவை வைதேகி திறக்கவே இல்லை. சாவி கயலிடம் இருந்தது.

"நீ மாட்டேன்னு சொன்னியே, கயல்."

"நான் என்ன மேடம் பண்ணேன்? கூட்டிட்டு வர்றது மட்டும்தான் எனக்கு." குரலில் உண்மையான பரிவு. அதுதான் தாங்கவில்லை. "பயமுறுத்தினா லேட் ஆகும்னு நீங்கதானே சொன்னீங்க? வாங்க. மழை வலுக்குது."

கத்தலாம். கத்தினால் யார் வருவார்கள்? எல்லாரும் வீட்டில்தான் இருக்கிறார்கள். ஒவ்வொரு கதவுக்கு அடியிலும் வெளிச்சம். ஒவ்வொரு வெளிச்சத்திலும் இரண்டு பாதங்களின் நிழல். அசையாமல்.

படித் திருப்பத்தில் சுஹாஸ் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றான். "பாத்து மேடம், வழுக்கும்." அடுத்த திருப்பத்தில் இன்னொரு மாணவி ஆஃப்ரீன் குடையை விரித்தாள். பெட்டி எப்போது கைமாறியது?

தெரு. மழை. பின்கதவு திறந்த ஒரு வேன்.

உள்ளே இருட்டு. ஈரத்துணி வாடை. காலி என்று நினைத்தாள்.

மூச்சுச் சத்தம்.

ஒருவர் அல்ல. கதவு விளிம்பு வரை நெருக்கி, நின்றபடியே. கைகளை உடம்போடு ஒட்டிவைத்துக்கொண்டு. முகங்கள் தெரியவில்லை. யாரும் அழவில்லை. வராதே என்று யாரும் சொல்லவில்லை.

அவளைப் பார்த்ததும், நன்றாகப் பழகியவர்களைப்போல, எல்லாரும் ஒன்றாக அரை அடி ஒதுங்கி அவளுக்கு இடம் விட்டார்கள்.