இரைச்சல் இல்லாத பத்து நாள்

மாலை 6.04. பெரியவரின் அறையில், அவர் மனைவி பாட வேண்டிய இடத்தில் பேண்டு வாத்தியம் முழங்கியது.

அந்த அம்மாள் இறந்து ஏழு வருடமாகிறது. கல்யாணமான புதிதில் ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒரே ஒரு பாட்டுப் பாடினார். அது ஒரே ஒரு இசைத்தட்டானது. தினமும் ஆறு மணிக்கு அதைக் கேட்டால்தான் பெரியவருக்கு அன்றைய பொழுது முடியும். இன்றைக்கு உறையைப் பிரித்துத் தட்டைச் சுழலவிட்டால், உள்ளே இருந்தது வேறு தட்டு.

6.40. இன்ஸ்பெக்டரம்மா வந்து சேர்ந்தார். காலையிலிருந்து இது ஐந்தாவது வீடு. மாடிப்படி ஏறும்போதே இரண்டு முழங்காலும் முறையிட்டன. ‘ஆண்டவனே, இதையாவது யார் கண்ணிலும் தண்ணி வராம முடிச்சுக் குடு’ என்று வேண்டிக்கொண்டே மேலே போனார். அந்த வேண்டுதல் தாமதமாகிவிட்டது. நர்ஸ் ஏற்கெனவே அழுதுகொண்டிருந்தாள்.

“என் பையைக் கொட்டிப் பாத்துட்டாங்க மேடம். சோப்பு, சீப்பு, மாத்துத் துணி, அவ்வளவுதான் இருக்கு. என்னை இங்க அனுப்பின ஏஜென்சி ஆளு எட்டரைக்கு வர்றார், கூட்டிட்டுப் போக. திருட்டுப் பேரோட திரும்பிப் போனா எந்த வீட்டுலயும் சேத்துக்க மாட்டாங்க.”

“யாரு கொட்டினது?”

“நான்தான்,” என்றார் பெரியவர். பார்வை மங்கிய கண்களைக் குரல் வந்த திசைக்குத் திருப்பினார். “தட்டு இருக்கிற பீரோ சாவி என் தலகாணிக்கு அடியில. பகல் பூரா என்கூட இருக்கிறது இந்தப் பொண்ணு ஒருத்திதான். நேத்து சாயங்காலம் பாட்டு இருந்துச்சு. இன்னைக்கு இல்ல. நடுவுல கால் முளைச்சா போச்சு?”

“நேத்து யாரு தட்டைப் போட்டது?”

“மருமகதான் போடுவா. மகன் வெளியூர் வேலையில இருக்கான்.”

மருமகள் கதவோரம் நின்றிருந்தாள். ஆபீஸ் பை இன்னும் தோளில் இருந்தது.

“நேத்து பாட்டு சரியா கேட்டுச்சா?”

“நல்லாத்தான் கேட்டுச்சு, மேடம்.” அவள் தரையைப் பார்த்துச் சொன்னாள்.

“இன்னைக்கு?”

“பஸ் கிடைக்கல. நான் வர்றப்போ ஆறரை, இவ பையைக் கொட்டிக்கிட்டிருந்தாங்க.”

நர்ஸ் மூக்கை உறிஞ்சினாள். “ஆறு தாண்டினா ஐயாவுக்கு இருப்புக் கொள்ளாது. சரி, அக்கா வர வரைக்கும் எதுக்குத் தவிக்கணும்னு நானே எடுத்துப் போட்டேன். அக்கா போடறதை எட்ட நின்னு பாத்திருக்கேன். ஆம்ப்ளிஃபயர்ல குமிழ் வேற பக்கம் இருந்துச்சு. தட்டுப் படம் போட்ட பக்கமாத் திருப்பினேன். திருப்பினதுமே ஊஊன்னு ஒரே இரைச்சல். ஊசியை வெச்சதும் டம் டம்னு பேண்டு. உதவி செய்யப் போனது தப்பாப் போச்சு.”

“தப்பில்லம்மா. இப்படி உக்காரு.”

இன்ஸ்பெக்டரம்மா மேஜையைச் சுற்றி வந்தார். புது ரெக்கார்டு பிளேயர். பக்கத்தில் உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுப்புப் பெட்டி. அதற்கடுத்து ஆம்ப்ளிஃபயர், மூடிய மடிக்கணினி. தொலைந்த தட்டு பின்னால் விழுந்திருக்குமோ என்று குனிந்தார். இடுப்பு பிடித்துக்கொண்டது. தூசி, ஒரு பேனா மூடி, எதிலும் மாட்டாமல் தொங்கும் ஒரு மெல்லிய பச்சை வயர். அதைக் கையால் ஒதுக்கிவிட்டு எழுந்தார்.

“புது மெஷினா?”

“வந்து பத்து நாள் ஆச்சு,” என்றார் பெரியவர். அந்தக் கோபத்திலும் குரலில் பெருமை எட்டிப் பார்த்தது. “மருமக வாங்கிக் குடுத்தா. பழசு இரைஞ்சுக்கிட்டே பாடும். இந்தப் பத்து நாளா துளி இரைச்சல் கிடையாது. பக்கத்துல உக்காந்து பாடற மாதிரி இருந்துச்சு.”

7.15. அந்த மெஷினை வாங்கிய கடை இரண்டு தெரு தள்ளி இருந்தது. பழைய ஒலிபெருக்கிகளுக்கு நடுவே சாலிடரிங் புகையில் உட்கார்ந்திருந்தவரை ஊரெல்லாம் ‘சவுண்டு’ என்றுதான் கூப்பிடும்.

“அந்த அம்மாவா? மறக்க முடியுமா மேடம்! மூணு நாள் வந்து என் உயிரை வாங்கிட்டாங்க. பாட்டைக் கம்ப்யூட்டர்ல ஏத்தணும், மாமனார் காலத்துக்கும் கேட்கணும்னாங்க. சூட்கேஸ் மாதிரி மூடற பிளேயர் காட்டினேன். நேரா கம்ப்யூட்டர்ல சொருகலாம், வேலை சுலபம். ‘ஊசி எவ்வளவு கனம்?’னு கேட்டாங்க. அதெல்லாம் அழுத்தித்தான் தேய்க்கும்னு உண்மையைச் சொன்னேன். அப்போ வேண்டாம்னுட்டாங்க. ஒரு தட்டுதான் இருக்காம், ஒரு கீறல் விழக் கூடாதாம்.”

“அப்புறம்?”

“கனம் குறைச்சு வைக்கிற பிளேயர் ஒண்ணு குடுத்தேன். இது பழசு மாதிரி பாட்டு முடிஞ்சதும் தானா ஊசிக் கையைத் தூக்காது, நாமதான் எடுக்கணும். தட்டுலேருந்து வர்ற சத்தம் எறும்பு பேசற மாதிரி இருக்கும். அதை நிமிர்த்தறதுக்கு ஒரு ப்ரீஆம்ப். அந்தக் கறுப்புப் பெட்டிதான். ஆம்ப்ளிஃபயருக்கும் போகும், கம்ப்யூட்டருக்கும் போகும். நானே போய் மாட்டிட்டு வந்தேன். ஒண்ணே ஒண்ணு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். இடம் மாத்தினீங்கன்னா அந்த எர்த் வயரை மட்டும் மறந்துடாதீங்க, பச்சையா மெல்லிசா ஒண்ணு இருக்கும்னு.”

கிளம்பக் காலெடுத்த இன்ஸ்பெக்டரம்மா நின்றார்.

“மறந்தா?”

“பாட்டே போடாட்டாலும் தேனீக் கூட்டம் மாதிரி இரையும். காது கேக்காதவங்க கூட எழுந்து ஓடிருவாங்க.”

இன்ஸ்பெக்டரம்மா ஒரு நிமிடம் கடை ஸ்டூலில் உட்கார்ந்தார். கண்டுபிடித்த சந்தோஷம் வரவில்லை, களைப்புத்தான் கூடியது. ஊசியின் கனத்தைக் கேட்டு மூன்று நாள் அலைந்த ஒரு பெண்ணை நினைத்துக்கொண்டார்.

8.05. பெரியவர், மருமகள், நர்ஸ் மூவரும் அறையில் இருந்தார்கள். நர்ஸ் தன் பையைக் கட்டி வைத்திருந்தாள்.

இன்ஸ்பெக்டரம்மா குமிழைத் தட்டுப் பக்கம் திருப்பினார். ஊசியைக்கூட வைக்கவில்லை. ஊஊ என்று அறை இரைந்தது.

“ஐயா, நேத்து இந்தச் சத்தம் இருந்துச்சா?”

“இல்லையே.”

“முந்தாநாள்?”

“பத்து நாளா இல்லன்னுதான் சொன்னேனே.”

இன்ஸ்பெக்டரம்மா பச்சை வயரின் நுனியைக் கறுப்புப் பெட்டியின் பின்பக்கத் திருகில் வைத்து அழுத்தினார். இரைச்சல் நின்றது. கையை எடுத்தார். மறுபடி இரைந்தது. அணைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“மாட்டாத வயர்ல தூசி படிஞ்சிருக்கு. இன்னைக்கு நேத்து கழண்டது இல்ல. அப்படின்னா, ஐயா, இத்தனை நாளா நீங்க கேட்ட பாட்டு இந்தத் தட்டு மெஷின்லேருந்து வரல. இது சும்மா சுத்திக்கிட்டிருந்துச்சு. நர்ஸ் தொடறப்போ குமிழ் வேற பக்கம் இருந்ததே, அந்தப் பக்கம் கம்ப்யூட்டர். நாம எல்லாருமே தட்டு நேத்துக்கும் இன்னைக்கும் நடுவுல போச்சுன்னு நினைச்சோம். அதனாலதான் பழி இந்தப் பொண்ணு மேல விழுந்துச்சு. தட்டு போய் பத்து நாள் ஆச்சு.”

இன்ஸ்பெக்டரம்மா மருமகளைப் பார்த்தார்.

“தினமும் தட்டைத் தொட்டது நீங்கதான். நான் சொல்லட்டுமா, நீங்களே சொல்றீங்களா?”

மருமகளின் தோளிலிருந்து பை நழுவியது.

“திருடல மாமா. கெடுத்துட்டேன்.” உடைந்து உட்கார்ந்தாள். “மெஷினை உள்ரூம் மேஜைக்குத் தூக்கிட்டுப் போய் ஒருதரம் பதிவு பண்ணேன். நல்லாத்தான் வந்துச்சு. கொஞ்சம் பொரபொரன்னு இருந்துச்சு. கழுவிட்டு இன்னொரு தரம் எடுத்தா இன்னும் சுத்தமா வரும்னு ஆசை. கழுவி, ஜன்னலோரம் காய வெச்சேன். போன் வந்துச்சு. திரும்பி வந்து பாத்தா வெயில்ல வாடின இலை மாதிரி நெளிஞ்சு கிடக்கு. ஊசி நிக்கவே இல்ல. பதறிப்போய் மெஷினைத் திரும்ப இங்க வெச்சேன். வயரெல்லாம் எங்க ஞாபகம்? உறைக்குள்ள வேற தட்டை வெச்சு, கம்ப்யூட்டர்ல பாட்டைப் போட்டேன். உங்க முகத்தைப் பாத்து எப்படிச் சொல்றது மாமா?”

“சொல்ல முடியாம இருந்தது பெரிய குத்தம் இல்ல,” என்றார் இன்ஸ்பெக்டரம்மா மெதுவாக. “ஆனா இவ பையைக் கொட்டினப்போ நீங்க வாயத் திறக்கலையே. அதுதான் குத்தம்.”

மருமகள் நகர்ந்துபோய் நர்ஸின் கையைப் பிடித்தாள். நர்ஸ் கையை உருவிக்கொள்ளவில்லை.

பெரியவர் சுவரைத் தடவிக்கொண்டு எழுந்தார். முதலில் நர்ஸ் இருந்த பக்கம் போனார். கட்டியிருந்த பையைத் தேடி எடுத்து, முடிச்சை அவிழ்த்தார்.

“வயசாச்சே தவிர புத்தி வரலம்மா. எடுத்து உள்ள வை. அந்த ஆள் வந்தா நானே பேசி அனுப்பறேன்.” பிறகு திரும்பாமலே கேட்டார். “அந்தத் தட்டு எங்க?”

“என் புடவைக்கு நடுவுல சுத்தி வெச்சிருக்கேன் மாமா. தூக்கிப் போட மனசு வரல.” அவள் கண்ணைத் துடைத்தாள். “இன்னொண்ணும் சொல்லணும். பழைய மெஷின் பாட்டு முடிஞ்சதும் தானா கையைத் தூக்கிடும். புதுசு தூக்கல. பாட்டுக்கு அப்புறமும் தட்டுல கொஞ்சம் இருக்கு. புதுசாக் கேட்டா சந்தேகம் வருமேன்னு அதை வெட்டிட்டுத்தான் உங்களுக்குப் போட்டேன்.”

“என்ன இருக்கு?”

அவள் மடிக்கணினியைத் திறந்தாள்.

பாட்டு ஓடி முடிந்தது. பெரியவர் வழக்கம்போல் பெருமூச்சுவிட்டுச் சாய்ந்தார். பொரபொரப்பு தொடர்ந்தது. எங்கோ ஒரு நாற்காலி நகர்ந்தது. பிறகு, மூச்சு வாங்கிக்கொண்டு, இருபத்து மூன்று வயதுக் குரல் ஒன்று சிரிப்போடு கேட்டது: “ஏங்க, நல்லா வந்துச்சா? பொய் சொல்லாமச் சொல்லுங்க.”

பெரியவர் குரல் வந்த பக்கம் குனிந்தார்.

“நல்லா வந்துச்சும்மா,” என்றார் பெரியவர். “ரொம்ப நல்லா வந்துச்சு.”

8.30. கீழே அழைப்பு மணி அடித்தது. இன்ஸ்பெக்டரம்மா எழப் போனார். நர்ஸ் அவர் வீங்கிய காலைப் பார்த்துவிட்டு, “நீங்க உக்காருங்க மேடம், நான் திறக்கறேன்,” என்று ஒரு ஸ்டூலைக் காலடியில் நகர்த்திவைத்துவிட்டுப் போனாள். அவர் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, மடியில் நோட்டை விரித்து, புகாருக்குக் கீழே ஒரே வரி எழுதினார்: எதுவும் திருடுபோகவில்லை.