ஒக்டோபர் ஆறாம் திகதி முத்திரை

கெலிஓயாவில் ஸமீமின் டயர் கடைக்கு மேலிருந்த சுந்தரலிங்கத்தின் அறையில் லோஜினி வந்து நின்றாள். ஹந்தானைத் தோட்டத்துப் பெண். பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் ஓட்டோதான் அவள் வீட்டுச் சோறு. அது இப்போது பொலிஸ் முற்றத்தில் நின்றது.

"கண்ணாடியில ஒட்டியிருந்த ரெவனியூ லைசன் கள்ளமாம் ஐயா. திங்கக்கெழம கோர்ட். நான்தான் அடிச்சேன்னு சொல்றாங்க."

சுந்தரலிங்கம் வாகன வரிக் கவுண்டரில் முப்பது வருடம் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவர். அவள் போனிலிருந்த லைசன் படத்தை நிதானமாகப் பார்த்தார். "ஒக்டோபர் ஆறு. முத்திரையும் அதே நாள். யாரு எடுத்துக் குடுத்தது?"

வரிப் பணத்தையும் காப்புறுதி, புகைச் சான்றிதழ்களையும் அக்கா கணவன் ரவிகுமாரிடம் கொடுத்திருந்தாள். அவனோ புரோக்கர் நளீரிடம் கொடுத்ததாகச் சொன்னான். நளீர் எதையும் கண்ணால்கூடக் காணவில்லை என்றான்.

"நளீர்தான் சேர்!" ஸமீமுக்கு இருப்புக் கொள்ளவில்லை. "என்ட சாச்சாட மகன், எனக்குத் தெரியாதா? பொறக்கக்கொளயே கள்ளக் கையெழுத்தோடதான் பொறந்தான்."

"ரெண்டு பேரையும் கூப்பிடு."

மறுநாள் மாலை லோஜினி காத்திருக்க இருவரும் வந்தார்கள். தேயிலை ஃபெக்டரியில் வேலை முடித்து நேரே வந்த ரவிகுமாரின் சட்டையெல்லாம் தூள்.

"லைசன எங்க வாங்கினீங்க?" சுந்தரலிங்கம் கேட்டார்.

"ஆறாந் திகதி பகல், பிரதேச செயலக வாசல்ல. இவன் உள்ள போயி, கியூவில நின்னு எடுத்தாந்து கையில குடுத்தான்."

"பொய்! அல்லாட மேல சத்தியமா பொய்!" நளீர் கதிரையைத் தள்ளி எழுந்தான். ஸமீம் கதவை மறித்தான்.

"அவர விடு ஸமீம். அன்னைக்குப் போயா, பௌர்ணமி லீவு."

சுந்தரலிங்கம் லைசன் படத்திலிருந்த திகதியைக் காட்டினார்.

"கந்தோரே பூட்டு. அந்த வாசல்லயே பிழைக்கிற புரோக்கருக்குப் போயான்னா வருமானமில்லாத நாள். கள்ளம் பண்ணினாலும் அந்தத் திகதியப் போடமாட்டான். போயாவுக்கு லீவே இல்லாத ஆள்தான் போடுவாரு. கொழுந்து வந்தா ஃபெக்டரி நிக்காது, இல்லையா ரவிகுமார்?"

ரவிகுமார் மெதுவாக உட்கார்ந்தான். "போன வருஷ லைசன கலர் கொப்பி அடிச்சி மாத்தினேன். லோஜி குடுத்த காசு செலவாயிருச்சு. சம்பளம் வந்ததும் நெசமானத எடுத்து ஒட்டிரலாம்னு இருந்தேன்."

நளீர் ஸமீமை ஒரு பார்வை பார்த்தான். ஸமீம் கதவை விட்டு விலகித் தரையைப் பார்த்து நின்றான்.

சுந்தரலிங்கம் வெள்ளைத்தாளை எடுத்தார். "உள்ளத எழுதிக் கோர்ட்டுல குடுத்தாத்தான் நீ தப்பலாம் பிள்ள. இவரு பேர எழுதவா?"

"அக்காவ நெனச்சுப் பாரு லோஜி," ரவிகுமார் கெஞ்சினான். "நான் உள்ள போனா அவ புள்ளைங்கள வச்சுக்கிட்டு என்ன செய்வா?"

"அந்தக் காகிதத்த என் வண்டியில ஒட்டுறப்ப நீங்க நெனைக்கலயே மாமா." அவள் சுந்தரலிங்கத்தின் பக்கம் திரும்பினாள். "அக்காவுக்கும் புள்ளைங்களுக்கும் நான் சோறு போடுறேன். அதுக்கு எனக்கு வண்டி வேணும். எழுதுங்க ஐயா."