அலவாங்கில் செம்மஞ்சள்

“கதிரையை விட்டு எழும்பாமல் அந்த அலவாங்கைக் கதைக்க வைப்பன்!” என்றார் ராஜரத்தினம், ஓய்வுபெற்ற இரசாயனவியல் ஆசிரியர்.

“முதல்ல உங்கட கண்ணாடியைத் தேடி எடுங்கோ,” என்றாள் மனைவி சிவலட்சுமி.

தேனுகா வாசலில் அழுதுகொண்டிருந்தாள். புதுக்குடியிருப்பில் இரசாயனவியல் டியூசன் நடத்தும் வீரகத்தியின் மண்டையை நேற்று யாரோ அலவாங்கால், குழி தோண்டும் கனத்த இரும்புக் கம்பியால், பிளந்துவிட்டார்கள். இரத்தம் கூரைவரை தெறித்து, பல்லொன்று கரும்பலகையில் குத்தி நின்றதாம். பக்கத்தில் ஒரு மருந்துப் போத்தல் உடைந்து கிடந்ததாம். ஆஸ்பத்திரியில் அவருக்கு இன்னும் நினைவு திரும்பவில்லை. அலவாங்கு தேனுகாவின் கணவன் நிருஷன் நேற்றுத்தான் வாங்கியது. பத்து மணிக்கு அவனை நீதிமன்றம் கொண்டுபோகிறார்கள்.

“அவர் பட்டறையில லான்ட்மாஸ்ரர் உழவு மெசின் திருத்தினவர், சேர். அலவாங்கை வெளியில வைச்சவர், ஆரோ எடுத்திட்டினம்.”

ராஜரத்தினம் கதிரையையும் ஆட்டோவில் ஏற்றினார். பொலிஸ் நிலையத்தின் நடுவில் அதைப் போட்டு உட்கார்ந்தார். சிவலட்சுமிக்கு வெட்கத்தில் தலை குனிந்தது.

சாட்சி முத்துலிங்கம், டியூசனுக்குப் பக்கத்தில் பைபர் படகு திருத்துபவன். அசற்றோன் மணக்கும் துணியைத் தோளில் போட்டபடி, “நிருஷன் ஓடினதைக் கண்டனான். அலவாங்கை நான் தொடவேயில்லை,” என்றான்.

மேசையில் கிடந்த அலவாங்கில் செம்மஞ்சள் தூள் படிந்திருந்தது.

“துரு,” என்றார் பொலிஸ்காரர்.

“நேற்று வாங்கினதிலயோ?” என்றார் ராஜரத்தினம். “வீரகத்தி அந்தப் போத்தலால திருப்பி அடிச்சிருக்கிறார். உடைஞ்சது பிராடியின் சோதனைப்பொருள், மஞ்சள் தண்ணி. அது கருநாடி, நேரேற்றம் எங்க எண்டு தேடிப் போற சாதி. அதின்ர நைதரசன், அல்டிகைட்டோ கீற்றோனோ கண்டால் ஒட்சிசன் பிடிச்சிருக்கிற காபனில பாயும். தண்ணியைக் கழற்றி எறிஞ்சு, செம்மஞ்சளாப் படியும்.”

தான் கொண்டுவந்த அதே மருந்துக் குப்பியிலிருந்து, விலங்கோடு நின்ற நிருஷனின் இடுப்பிலிருந்த மண்ணெண்ணெய்த் துணியில் ஒரு சொட்டு விட்டார். மஞ்சளாகவே நின்றது. முத்துலிங்கத்தின் துணியில் ஒரு சொட்டு. செம்மஞ்சள் திரண்டது.

“அசற்றோன் ஒரு கீற்றோன். இரத்தத்தைத் தண்ணியால கழுவினீர். அலவாங்கிலயும் கையிலயும் பட்ட மஞ்சள் போகேல்லை. பைபர்காரர் எது பட்டாலும் அசற்றோன் துணியைத்தானே எடுப்பினம்? கைப்பழக்கம்! இனி நகத்தைக் காட்டும்.”

நகக்கண் முழுக்கச் செம்மஞ்சள்.

“அந்த வீரகத்தி, மணக்குது மணக்குது எண்டு பெட்டிசம் போட்டு என்ர பட்டறையை மூடப் பார்த்தவன்!” அலறிய முத்துலிங்கம் அலவாங்கைப் பறித்து வீசினான். கதிரையின் இரண்டு கால்கள் முறிந்து பறந்தன. நான்கு பொலிஸ்காரர் பாய்ந்து அவனைச் சுவரோடு மோதினார்கள். மூக்கு உடைந்து இரத்தம் கொட்டியது.

நிருஷனின் விலங்கு கழன்றது. தேனுகா அவன் கையைப் பிடித்தவள் விடவில்லை.

ராஜரத்தினம் சரிந்த கதிரையோடு தரையில் கிடந்தார். அப்போதும் எழும்பவில்லை, மனைவியையே பார்த்தார்.

“ஓம்,” என்றாள் சிவலட்சுமி. “அலவாங்கு கதைச்சதுதான். நீங்கள் எழும்பேல்லைதான். இனியாவது எழும்புங்கோ.”